கவிழ்ந்து படுக்கச் சொன்ன மெக்கன்சி

எண்ணெய் தேய்த்து உருவியும் முதுகு வலி தீராதவர்கள் பலர் இங்கே எழுதியிருப்பதால், என் தாயாருக்கு நேர்ந்ததைச் சொல்லும் சாக்கில், ராபின் மெக்கன்சி என்ற நியூசிலாந்து பிசியோதெரபி நிபுணரைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் அருகே ஒரு செம்பனை (பாமாயில் பனை) தோட்டத்தில் அம்மா உதிரிப்பழம் பொறுக்கியவர். குலை வெட்டுகிறவருக்காவது அண்ணாந்து பார்க்கும் வேலை உண்டு. பழம் பொறுக்குகிறவர் காலைப் பெரட்டு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு) முடிந்ததிலிருந்து மூட்டை கட்டும்வரை குனிந்தே இருக்க வேண்டும். இடுப்பில் தொடங்கிய வலி தொடை வழியாகக் கெண்டைக்கால்வரை இறங்கியபோது, டவுன் கிளினிக்கில் இருந்த பிசியோதெரபிஸ்ட் (தாதியை அழைப்பதுபோல அம்மாவுக்கு அவரும் ‘மிஸ்ஸி’தான்) முதலில் கேட்டது, வலி எதுவரை இறங்குகிறது என்பதைத்தான். பிறகு கவிழ்ந்து படுக்கவைத்து, முழங்கைகளை ஊன்றி மார்பை மட்டும் உயர்த்தச் சொன்னார். சற்று நேரம் கழித்து மீண்டும் அதே கேள்வி. கெண்டைக்கால் வலி முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது. இடுப்பிலோ கொஞ்சம் கூடியிருந்தது. அம்மா பயந்துபோனார். அது நல்ல அறிகுறி என்றார் மிஸ்ஸி.

இப்படி வலியின் இடத்தைக் கவனிக்கும் வழக்கம், 1956இல் வெல்லிங்டனில் மெக்கன்சியின் சிகிச்சை அறையில் தற்செயலாகப் பிறந்தது. ஸ்மித் என்று மட்டும் குறிப்பிடப்படும் ஒரு நோயாளி, வாரக்கணக்கில் சிகிச்சை பெற்றும் குணமாகாதவர், வேறொருவருக்காக ஒரு முனை உயர்த்தி விடப்பட்டிருந்த கட்டிலில், சொன்னபடியே கவிழ்ந்து படுத்துவிட்டார். முதுகைப் பின்னோக்கி வளைப்பது தீங்கு என்று அக்காலத்தில் கருதப்பட்டதால், திரும்பி வந்த மெக்கன்சி பதறினார். நோயாளிக்கோ கால் வலியே போயிருந்தது. வேறொருவராக இருந்தால் கட்டிலைச் சரிசெய்துவிட்டு மறந்திருப்பார். மெக்கன்சி மறுநாளும் அவரை அதே நிலையில் படுக்கவைத்துப் பார்த்தார். வலி காலை விட்டு விலகி முதுகின் நடுவே ஒடுங்கினால் குணமாகும் வாய்ப்பு அதிகம் என்பதைப் பல ஆண்டுகள் நோயாளிகளிடம் கவனித்து, 1981இல் நூலாகவும் எழுதினார். 2013இல் அவர் காலமானார்.

அவரிடம் நான் பெரிதாக மதிப்பது, 1980இலேயே நோயாளிகளுக்கென்று ஒரு கையேடு எழுதி, சிகிச்சையை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டதைத்தான். டவுனுக்கு ஒருமுறை வந்துபோனால் ஒருநாள் சம்பளம் போகும் தோட்டத் தொழிலாளிக்கு, மின்சாரக் கருவிகளைவிட வீட்டுப் பாயில் தானே செய்துகொள்ளும் பயிற்சி எவ்வளவோ மேல். வேலைக்கு நடுவிலும் அம்மா எழுந்து நின்று, இடுப்பில் இரு கைகளையும் வைத்துப் பின்னால் வளைவார். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கேலி செய்தாலும் விடவில்லை. சில வாரங்களில் கால் வலி அடங்கியது, இடுப்புப் பிடிப்பு மட்டும் அவ்வப்போது வந்துபோனது.

இதை எல்லோரும் அப்படியே செய்துவிடக் கூடாது. முன்னால் குனிந்தால்தான் சுகம் காண்கிறவர்களும் உண்டு. ஆகவே முதலில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். வளையும்போது வலி காலில் இன்னும் கீழே இறங்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும். கால் பலமிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, பயிற்சியை நம்பிக் காத்திராமல் நேரே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.