பெயர் கைமாறும்போது எது கைமாறுகிறது? நார்ட்டன் மறுபிறப்பு குறித்து ஒரு கேள்வி

நெடுவழி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். 2020 ஏப்ரலில், திவால் நிர்வாகிகளின் பொறுப்பில் இருந்த பிரிட்டனின் நார்ட்டன் மோட்டார் சைக்கிள் நிறுவனத்தை டிவிஎஸ் மோட்டார் 1 கோடியே 60 லட்சம் பவுண்டுக்கு வாங்கிய செய்தியைப் படித்த நாளிலிருந்து எனக்குள் இருந்துவரும் கேள்வி இது. 1898இல் பர்மிங்காமில் ஜேம்ஸ் லான்ஸ்டவுன் நார்ட்டன் தொடங்கிய அந்த நிறுவனம், 1953இல் அசோசியேட்டட் மோட்டார் சைக்கிள்ஸ் குழுமத்திடம் சென்றது. 1962இல் பிரேஸ்பிரிட்ஜ் தெருவிலிருந்த அதன் பழைய தொழிற்சாலை மூடப்பட்டது. அதன் பின் நார்ட்டன் வில்லியர்ஸ், அடுத்து நார்ட்டன் வில்லியர்ஸ் டிரையம்ப், பிறகு சுழல் எஞ்சின் (மேலும் கீழும் இயங்கும் பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் பாகம் கொண்டது) வண்டிகளின் காலம், 2008இல் மீண்டும் ஒரு புதிய உரிமையாளர் என்று கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது. இப்போது சாலிஹல் நகரில் புதிதாகக் கட்டப்பட்ட தொழிற்சாலையில் வண்டிகள் உருவாகின்றன. அன்றைய தொழிலாளர்கள் இல்லை, அன்றைய கட்டடம் இல்லை, அன்றைய எஞ்சினும் இல்லை.

அப்படியானால் பெட்ரோல் தொட்டியின் மேல் எழுதப்பட்ட பெயரைத் தவிர எது தொடர்கிறது? பழம்பெருமைக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. மறுபிறப்பு எடுத்த வண்டி ஒன்றை நம்பிப் பெருந்தொகை கொடுப்பவர், அந்த முயற்சி நிலைக்குமா என்பதை எந்த அடையாளங்களைக் கொண்டு அறிய வேண்டும்?

கணக்கர்:

நண்பரே, முதலில் சட்டப்படி என்ன நடக்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. திவால் நிர்வாகியிடமிருந்து வாங்குபவர் பொதுவாக நிறுவனத்தை அதன் கடன்களோடு வாங்குவதில்லை; வணிகப் பெயர், வரைபடங்கள், அச்சுகள், கருவிகள் போன்ற சொத்துகளை மட்டுமே வாங்குகிறார். முன்பணம் கட்டி வண்டிக்காகக் காத்திருந்தவர் பழைய நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் நிற்க நேரிடும். முந்தைய உரிமையாளரின் காலத்தில் ஓய்வூதிய நிதிகளின் பணம் விதிகளுக்கு மாறாக நார்ட்டனில் முதலீடு செய்யப்பட்டதையும், அதற்காக அவர் 2022இல் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டதையும் நாம் மறந்துவிடக் கூடாது. அந்தச் சேமிப்பை இழந்தவர்களுக்கு எந்தப் புதிய வண்டியின் அழகும் ஈடாகாது.

அதனால் நான் பார்க்கும் முதல் அடையாளம், சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் புதிய உரிமையாளர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதே. முந்தைய நிர்வாகம் விற்றிருந்த வி4 (V வடிவில் அமைந்த நான்கு சிலிண்டர் எஞ்சின் கொண்ட) வண்டிகளில் 35 குறைகள் இருப்பதாக, அவற்றில் சில பாதுகாப்பு சார்ந்தவை என்று, 2021இல் நார்ட்டன் தானாகவே வெளியே சொன்னது. தன் பெயரைத் தாங்கிய வண்டியைப் பற்றி ஒரு நிறுவனம் இவ்வாறு பேசுவது எளிதன்று. அந்த வண்டியை மறுபடியும் பொறியியல் ஆய்வுக்கு உட்படுத்தித் திருத்திய பிறகே வி4எஸ்வி என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். எனக்கு நம்பிக்கை தந்தது விளம்பரம் அல்ல, இந்த ஒப்புதல்தான்.

வளைவுச்சாலை:

எஞ்சின் மாறிவிட்டதே என்று நெடுவழி வருந்துகிறார். ஆனால் 1907இல் ஐல் ஆஃப் மேன் தீவில் நடந்த முதல் டிடி (டூரிஸ்ட் டிராபி) மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் இரட்டை சிலிண்டர் பிரிவை வென்ற நார்ட்டனில் இருந்தது பிரான்சின் பியூஜோ எஞ்சின். நார்ட்டனுக்குப் பெரும்புகழ் தேடித்தந்த 1950ஆம் ஆண்டின் ஃபெதர்பெட் சட்டகத்தை வடிவமைத்தவர்கள் பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த மெக்கேண்ட்லெஸ் சகோதரர்கள். அவர்களும் தொழிற்சாலைக்குள்ளிருந்து வந்தவர்கள் அல்லர். வெளியே இருந்த திறமையை அடையாளம் கண்டு, அதைச் சாலையில் நிலைகுலையாமல் ஓடும் ஒரு வண்டியாக இணைத்துத் தருவதே அந்த நிறுவனத்தின் கைவரிசையாக இருந்தது என்று நான் கருதுகிறேன். 1967இல் வந்த நார்ட்டனின் கமாண்டோ வண்டி கூட, எஞ்சினின் அதிர்வு ஓட்டுநரை எட்டாதவாறு ரப்பர் தாங்கிகளில் அதைப் பொருத்திய உபாயத்துக்காகவே நினைவுகூரப்படுகிறது. ஆகவே புதிய வண்டியில் நான் தேடுவது பழைய எஞ்சினை அல்ல. வளைவில் சாயும்போது அது தரும் உறுதியைத்தான்.

காலத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1983இல் மெரிடன் தொழிற்சாலை மூடப்பட்டபோது, இன்னொரு பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் நிறுவனமான டிரையம்பின் பெயரை வாங்கிய ஜான் புளூர், வீடு கட்டும் தொழிலில் இருந்தவர். பழைய பானவில் வண்டியைச் சில ஆண்டுகள் உரிமம் பெற்ற வேறொருவர் தயாரித்துவர, அவர் ஹிங்க்லியில் புதிய தொழிற்சாலையைக் கட்டி, 1990இல்தான் புதிய வண்டிகளைக் காட்சிக்கு வைத்தார். அவை நீரால் குளிர்விக்கப்படும் மூன்று, நான்கு சிலிண்டர் எஞ்சின்களைக் கொண்டவை. எண்ணெய் கசியும் என்ற பழைய அவப்பெயரை முதலில் துடைப்பதே நோக்கம். எல்லோரும் எதிர்பார்த்த பானவில், அந்தப் பெயருக்குரிய பழைய தோற்றத்தோடு, நூற்றாண்டு திரும்பிய பிறகே வந்தது. இதற்கு நேர்மாறாக, 1999இல் கலிஃபோர்னியாவின் கில்ராயில் உயிர்ப்பிக்கப்பட்ட, அமெரிக்காவின் பழைய மோட்டார் சைக்கிள் நிறுவனமான இந்தியன், வெளியிலிருந்து வாங்கிய எஞ்சினோடும் பழைய தோற்றத்தோடும் உடனே விற்பனைக்கு வந்து, 2003இல் மூடப்பட்டது. 2011இல் போலாரிஸ் என்ற அமெரிக்க வாகன நிறுவனம் அதே பெயரை வாங்கி, தனக்கென எஞ்சினை உருவாக்கி, 2013இல் வண்டியை வெளியிட்ட பிறகே அது காலூன்றியது. கடந்த காலத்தை முதலில் விற்பவரைவிட, அதைப் பொறுத்திருந்து எடுப்பவரையே நான் நம்புவேன்.

பட்டறைக்காரர்:

மேலே சொன்ன இருவரையும் மதிக்கிறேன். ஆனாலும் பழுது பார்ப்பவனின் பக்கத்திலிருந்து பார்த்தால் படம் சற்று வேறாகத் தெரிகிறது. கமாண்டோ வண்டிகள் இன்றும் ஓடுவதற்கு முதன்மைக் காரணம், பெயரை வைத்திருந்த உரிமையாளர்கள் அல்லர். ஆண்டோவர் நார்ட்டன் என்ற உதிரிபாக நிறுவனமும், சங்கங்களாகக் கூடிய உரிமையாளர்களும்தாம். பெயர் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்த காலமெல்லாம் பிஸ்டனும் கேஸ்கெட்டும் கிளட்ச் தகடும் கிடைத்துக்கொண்டே இருந்தன. என்னைக் கேட்டால் அறுபடாத தொடர்ச்சி என்பது அதுதான்.

ராயல் என்ஃபீல்டையும் எண்ணிப் பாருங்கள். இங்கிலாந்தின் ரெட்டிச்சில் இருந்த தாய் நிறுவனம் அழிந்தபோதும், 1955இல் தொடங்கிய சென்னைக் கிளை அதே வண்டியை நிறுத்தாமல் செய்துகொண்டிருந்தது. அதனால்தான் 1994இல் ஐஷர் என்ற இந்திய வாகன நிறுவனம் அதைத் தன்னோடு இணைத்துக்கொண்டபோது தூசி தட்டி எழுப்ப வேண்டிய தேவை இருக்கவில்லை. நார்ட்டனுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. எனவே புதிய வி4 வாங்க நினைப்பவர் விற்பனையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது குதிரைத்திறனை அல்ல. விழுந்து வளைந்த கைப்பிடிக்கும் உடைந்த விளக்குக்கும் மாற்று எத்தனை நாளில் வரும், உற்பத்தி நின்ற பிறகு எத்தனை ஆண்டு அவை கையிருப்பில் இருக்கும் என்பதை எழுத்தில் தருவார்களா என்றே கேட்க வேண்டும்.

நெடுவழி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பியூஜோ எஞ்சின் பற்றிய செய்தி என் கேள்வியின் அடித்தளத்தையே அசைத்துவிட்டது. நான் எஞ்சினிலும் கட்டடத்திலும் தேடியது அங்கே தொடக்கத்திலிருந்தே இருந்ததில்லை என்று இப்போது புரிகிறது. 2025 நவம்பரில் மிலான் கண்காட்சியில் மேங்ஸ், அட்லஸ் என்ற பழைய பெயர்களோடு புதிய வண்டிகளைக் காட்டியிருக்கிறார்கள். வாங்கி ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் பொறுத்திருந்து அவற்றைக் காட்டியிருப்பதை, வளைவுச்சாலையின் அளவுகோலின்படி நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன். அவை விற்பனைக்கு வரும்போது, பட்டறைக்காரர் சொன்ன உதிரிபாகக் கேள்வியை எழுத்தில் அனுப்பி, கிடைக்கும் பதிலை இதே இழையில் பதிவு செய்கிறேன்.