மண்டிக்காரர் மேல் இருப்பது நம்பிக்கையா, கடனா?

தக்காளித்தோட்டம்:
18 வருடமாக ஒட்டன்சத்திரத்தில் ஒரே மண்டிக்குத்தான் தக்காளி போடுகிறேன். ஏலத்துக்குப் போவதே இல்லை. ராத்திரி வண்டி ஏற்றிவிட்டால் மறுநாள் போனில் விலை சொல்வார். போன ஐப்பசி மழையில் காய் வெடித்து நாசமானபோது, மகள் காலேஜ் ஃபீசுக்கு 40,000 ரூபாய் எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். பத்திரம் இல்லை, வட்டி இல்லை. இடைத்தரகரை ஒழிக்கணும் என்பவர்கள் இதற்கு ஒரு மாற்று சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
100 ரூபாய்க்கு 10 ரூபாய் கமிஷன் பிடிக்கிறாரே, அது என்ன அண்ணே? கடன் அடையும் முன் பக்கத்து மண்டியில் ஒரு பெட்டி இறக்கிப் பாருங்கள், அப்புறம் தெரியும். நான் மண்டியில் கணக்கு எழுதியவன். பெட்டி 14 கிலோ என்பது பேச்சுக்கு. 15 கட்டாவிட்டால் முகம் சுளிப்பார்கள். அந்த ஒரு கிலோ யார் கணக்கு?

தக்காளித்தோட்டம்:
தெரியும் தம்பி. அடியில் சொத்தையைப் போட்டு மேலே நல்ல காய் அடுக்குகிற ஆளும் எங்கள் ஊரில்தான் இருக்கிறான். என் பெட்டியைக் கொட்டிப் பார்க்காமல் கேரளா வியாபாரி எடுக்கிறான் என்றால் சும்மாவா?

பால்சொசைட்டி:
எங்கள் பால் சொசைட்டியில் முன்பெல்லாம் பாலின் அடர்த்தி பார்க்கும் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு, செயலாளர் 26 என்றால் 26தான். குனிந்து பார்த்தாலே அவருக்குக் கோபம் வரும். இப்போது பாலை ஊற்றியதும் கொழுப்பு எவ்வளவு, இதர சத்து எவ்வளவு என்று மெஷினே சீட்டு தருகிறது. சண்டை ஓய்ந்தது. கண்ணெதிரே அளந்தால் போதும், ஆள் யோக்கியனா என்று ஆராய வேண்டாம்.

தக்காளித்தோட்டம்:
மெஷினா? 2008இல் சீனாவில் பாலில் தண்ணீர் கலந்து, புரதம் குறைந்தது தெரியாமலிருக்க மெலமைன் என்ற பிளாஸ்டிக் ரசாயனத்தைப் போட்டார்கள். புரதம் எவ்வளவு என்று கணக்கிடச் சோதனை அளந்தது நைட்ரஜனை மட்டும்தான். மெலமைனில் அது ஏராளம். சோதனையில் பால் தேறிவிட்டது. 6 குழந்தைகள் செத்துப்போயின, ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகளுக்குப் பாதிப்பு.

பால்சொசைட்டி:
சரி, ஒத்துக்கொள்கிறேன். மெஷினுக்குத் தெரிந்ததை மட்டும்தான் அது சொல்லும்.

கணக்குப்பிள்ளை:
அதற்காக அளக்காமலே விடுவதா? அண்ணே, பெரிதாக ஒன்றும் வேண்டாம். கமிஷனும் இருக்கட்டும், கடனும் இருக்கட்டும். ஏலம் போன விலையை மண்டி வாசலில் பலகையில் எழுதிப் போடுவாரா என்று கேட்டுப் பாருங்கள்.

தக்காளித்தோட்டம்:
நேற்று கேட்டேன். சிரித்தார். “உனக்குத்தான் போன்லயே சொல்றேனே, பலகை எதுக்கு?” என்றார்.