க்ளே பொம்மையை நடக்க வைத்தால் படம் துடிக்கிறது, பொம்மை சாய்கிறது. என்ன தவறு?

கேள்வி:
ஸ்டாப் மோஷன் (பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு படமாக எடுத்து ஓட்டுவது) இப்போதுதான் பழகுகிறேன். ஆண்ட்ராய்டு போன், ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ செயலி, ஜன்னலோர மேசை, 15 செ.மீ. உயரத்தில் க்ளே பொம்மை. அதை 10 நொடி நடக்க வைக்க வேண்டும். ஓட்டிப் பார்த்தால் வெளிச்சம் கூடிக் குறைகிறது. ஒற்றைக் காலில் நிறுத்தினால் பொம்மை விழுகிறது. நடையும் வெட்டி வெட்டி வருகிறது. நொடிக்கு எத்தனை படம் எடுக்கலாம்?

பதில் 1:
நொடிக்கு 12 போதும். 10 நொடிக்கு 120 படம்.

முதலில் ஜன்னலை மூடுங்கள். 120 படம் எடுத்து முடிப்பதற்குள் வெயில் நகர்ந்துவிடும், ஒரு மேகம் வந்தாலே போச்சு. அடுத்து, போன் ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தைத் தானாக அளக்கிறது. துடிப்புக்குப் பாதிக் காரணம் அதுதான். கேமராவை மேனுவலுக்கு மாற்றி ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), ஷட்டர் (ஒளி விழும் நேரம்), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை), போகஸ் நான்கையும் பூட்டுங்கள். ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/50 அல்லது 1/25 நொடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். 1/50-இல் சரியாக இரண்டு சுற்று பதிவாகும். 1/60 வைத்தால் ஒன்றரைக்கு மேல் ஏதோ ஒரு துண்டு, படத்துக்குப் படம் வேறாக விழும்.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்காதீர்கள், அந்த வெளிச்சமும் பொம்மைமேல் படும். கருப்புச் சட்டை, ஒவ்வொரு படத்துக்கும் ஒரே இடத்தில் நிற்பது, போனைத் தொடாமல் புளூடூத் ரிமோட்டில் எடுப்பது. இவ்வளவும் செய்தால் துடிப்பு பெரும்பாலும் போய்விடும்.

பதில் 2:
உள்ளே கம்பி இல்லாத பொம்மை ஒற்றைக் காலில் நிற்காதுங்க. 1.5 மி.மீ. அலுமினியக் கம்பியை இரண்டாக மடித்து, மடித்த முனையை டிரில்லில் மாட்டி முறுக்குங்க. ஜிஐ கம்பி (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) வேண்டாம், வளைத்த இடத்தில் நிற்காமல் திரும்பி வரும். முழங்கால், முழங்கை, இடுப்பு வளைய வேண்டிய இடம். அந்த மூட்டுகளை விட்டுவிட்டு நடுவில் மட்டும் எம்-சீல் (பிசைந்து பூசினால் இறுகும் பசை) பூசினால் எலும்பு மாதிரி விறைப்பாக இருக்கும். தலையை முழுக்க க்ளேயில் செய்யாதீங்க. அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி, மேலே 3 மி.மீ. க்ளே போட்டால் பாரம் குறையும்.

கேட்டவர்:
கம்பி போட்டுவிட்டேன். தரைக்குத் தகரம் விரித்து, அடியில் நியோடிமியம் காந்தமும் வைத்தேன். கால் பிடிக்கவே இல்லை.

பதில் 2:
அலுமினியத்தைக் காந்தம் பிடிக்காது. பாதத்துக்குள் ஒரு இரும்பு நட்டை எம்-சீலில் பதித்துவிடுங்க. தரையையும் தகரத்துக்குப் பதில் மெல்லிய அட்டையாக மாற்றுங்க. தகரம் காந்த விசையை இடையிலேயே வாங்கிக்கொள்ளும்.

பதில் 3:
வெட்டி வெட்டி வருவதற்குக் காரணம், எல்லாப் படத்திலும் ஒரே அளவு நகர்த்துவது. நடைக்கு முன்னால் கையை மட்டும் அசைத்துப் பழகுங்கள். 6 செ.மீ. தூரத்தை 10 படத்தில் கடக்க வேண்டுமா? 1, 3, 6, 9, 11, 11, 9, 6, 3, 1 மி.மீ. என்று நகர்த்துங்கள். மெல்லத் தொடங்கி, வேகமெடுத்து, மெல்ல நிற்கும். நின்றபின் அசைக்காமல் 4 படம் எடுங்கள். அந்த நிறுத்தம் இருந்தால்தான் அசைவு கண்ணில் பதியும்.

நடையில் ஓர் எட்டுக்கு (ஒரு காலடிக்கு) 6 படம். பலரும் காலை மட்டும் நகர்த்தி இடுப்பைக் கடைசியில் இழுக்கிறார்கள்; பொம்மை சறுக்குவதுபோல் தெரியும். இடுப்பு ஆறு படத்திலும் முன்னேற வேண்டும். ஒரு கால் மற்றதைத் தாண்டும்போது உடல் உயரும், அடி விழுந்த அடுத்த படத்தில் தாழும். பின்காலைத் தூக்குவதற்கு முன் உடல் பாரம் முன்காலுக்கு வந்துவிட்டதா என்று ஆனியன் ஸ்கின்னில் (முந்தைய படத்தை மங்கலாக மேலே காட்டும் செயலி வசதி) பாருங்கள்.

விளக்குச் சூட்டில் க்ளே இளகினால் 10 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைக்கலாம். ஆனால் ஒரு எட்டின் நடுவில் எடுக்காதீர்கள், பழைய இடத்தில் அப்படியே திரும்ப நிறுத்த முடியாது.