காட்டு ஆர்க்கிட்: குழு விதியை எப்படி எழுதுவது?

வணக்கம். சேலத்தில் ஆர்க்கிட் வளர்ப்பவர்களுக்காக நண்பர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்குகிறோம். விதிகள் எழுதும் வேலை என் தலையில். வாரத்தில் ஒரு நாள்தான் விற்பனைப் பதிவு, ஏச்சுப்பேச்சு கூடாது, இதெல்லாம் எளிது. சிக்கல் காட்டுச் செடியில்தான். ஏற்காட்டில் மரத்திலிருந்து பிய்த்த செடியைப் படம் போட்டு ‘யாருக்கு வேண்டும்?’ என்று கேட்டால் அட்மின் அழித்துவிடலாம். ‘காற்றில் முறிந்த கிளையில் கிடந்தது’ என்றால்? (பிய்த்தவரும் அதையேதான் சொல்வார்!)

ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் சைட்டீஸ் (CITES, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) பட்டியலில் இருக்கிறது, ஆனால் அது நாடுவிட்டு நாடு போகும் வணிகத்துக்கானது. உள்ளூரில் கைமாற்ற வனத்துறை விதி என்ன? அப்புறம், முதலில் எச்சரிக்கை, மறுமுறை நீக்கம் என்பது கடுமையா? உங்கள் குழுவில் இதற்கு வாசகம் இருந்தால் அப்படியே அனுப்புங்கள்.