அம்மாவின் வங்கி அட்டை வட்டிக்காரரிடம்: எப்படி மீட்பது?

சாட்ஸ்வர்த் மகள்:
அப்பாவின் கருமாதிச் செலவுக்காக அம்மா எங்களிடம் சொல்லாமலேயே ஒரு மாஷோனிசாவிடம் (இங்கே தென்னாப்பிரிக்காவில் பதிவில்லாத வட்டிக்காரரை இப்படித்தான் சொல்வோம்) 2000 ராண்ட் வாங்கியிருக்கிறார். ஈடாக வங்கி அட்டையையும் ரகசிய எண்ணையும் கொடுத்துவிட்டார். முதியோர் உதவித்தொகை வரும் நாளில் அந்த ஆள் ஏடிஎம் வாசலில் பழைய பிஸ்கட் டப்பாவோடு நிற்கிறார். டப்பாவுக்குள் ரப்பர் பேண்ட் போட்ட அட்டைக் கட்டு. ஒவ்வொரு அட்டையிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருக்கிறது. இந்த மாதம் நானும் கூடப் போய்ப் பார்த்தேன். சுமார் 2300 ராண்டை எடுத்தார், வட்டி என்று 1000 ராண்டைப் பிடித்துக்கொண்டார், மிச்சத்தை அம்மா கையில் வைத்தார். ஐந்து மாதமாக இதுதான் நடக்கிறது. 5000 ராண்ட் கொடுத்தாயிற்று, அசல் அப்படியே நிற்கிறது. "கடனோடு செத்தால் பாவம்" என்று அம்மா அழுகிறார். எனக்கு வழி சொல்லுங்கள்.

ஃபீனிக்ஸ் கணக்கர்:
மகளே, முதலில் அட்டை. நாளைக்கே அம்மாவை அடையாள அட்டையோடு வங்கிக்கு அழைத்துப் போய்ப் பழையதை முடக்கிவிட்டு, புதிய அட்டையும் புதிய ரகசிய எண்ணும் வாங்குங்கள். கடனுக்காக அட்டையையும் ரகசிய எண்ணையும் பிடித்து வைத்துப் பணம் எடுப்பது 2005ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டப்படி குற்றம். கடன் கொடுப்பவர் தேசியக் கடன் ஒழுங்காணையத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும்.

பதிவு பெற்றவரிடம் இதே 2000 ராண்டை முதல் முறையாக ஒரு மாதத்துக்கு வாங்கினால், சட்டம் அனுமதிக்கும் உச்சம் என்ன தெரியுமா? வட்டி 5 சதவீதம், அதாவது 100. தொடக்கக் கட்டணம் 265. மாதச் சேவைக் கட்டணம் 60. கட்டணங்கள் மீது வாட் வரி. 2425 ராண்டோடு கொஞ்சம் வரி, அவ்வளவுதான். அதுவே எனக்கு அதிகமாகத் தெரிகிறது. உங்கள் அம்மா பாவம் எதுவும் செய்யவில்லை என்று அவரிடம் இந்தக் கணக்கை எழுதிக் காட்டுங்கள்.

மிரட்டினால் தனியாகப் பேசப் போகாதீர்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

டோங்காட் தம்பி:
அக்கா, என் கதை வேறு. பதிவு பெற்ற நான்கு இடங்களில் சம்பளக் கடன் வாங்கி, ஒன்றை அடைக்க இன்னொன்று என்று ஓடினேன். பதிவு பெற்ற கடன் ஆலோசகர் ஒருவர் நான்கையும் சேர்த்து மாதத் தவணையைக் குறைத்துக் கொடுத்தார். அது முடிந்ததற்கான சான்றிதழ் வரும்வரை புதுக் கடன் வாங்க முடியாது. எனக்கு அது நல்லதாகவே போயிற்று. ஆனால் கடன் கொடுத்தவர் சட்ட நடவடிக்கை தொடங்கிவிட்டால் அந்தக் கடனை இதில் சேர்க்க முடியாது. அதனால் இதைப் படிக்கும் யாரும் தள்ளிப்போடாதீர்கள்.

சாட்ஸ்வர்த் மகள்:
ஐயா, தம்பி, இருவருக்கும் நன்றி. இன்று காலை வங்கிக்குப் போய்வந்தோம். புதிய அட்டை அம்மாவின் முந்தானையில் முடிந்திருக்கிறது. புகார் கொடுக்க மாமாவும் எங்களோடு வருகிறார்.