மறு: 'போலி நண்பர்கள்' வேண்டாம், 'ஏய்ப்புச்சொல்' என்போமா?

அனைவருக்கும் வணக்கம்.

இரு மொழிகளில் ஒன்றுபோல் தோன்றிப் பொருளில் வேறுபடும் சொற்களைத் தமிழில் 'போலி நண்பர்கள்' என்பதா என்பதே இந்த இழையின் கேள்வி. இழையில் வந்த ஸ்காண்டிநேவியப் பெயரடை 'ரோலிக்' நமக்கு நல்ல உரைகல். இச்சொல்லை எழுதுவதில் டேனிஷ், நார்வேஜியன், ஸ்வீடிஷ் மூன்றுக்கும் வேறுபாடில்லை. ஒலிப்பில் டேனிஷ்காரர் 'ரோலி' என்பார், ஸ்வீடன்காரர் 'ரூலிக்' என்பார். கூட்டம் 'ரோலி'யாக நடந்தது என்று டேனிஷ்காரர் சொன்னால், சச்சரவு இல்லை என்று பொருள். ஸ்வீடன்காரர் காதில் அது 'ஒரே கலகலப்பு' என்று விழும்.

வேர் ஒன்றுதான்: இம்மொழிகளின் மூதாதையான பழநார்ஸில் 'ரோ', அதாவது அமைதி, ஓய்வு. ஸ்வீடிஷில் அமைதியானது இதமானதாகி, இதமானது வேடிக்கையானதாகிவிட்டது. ஆனால் எதிர்மறையைப் பாருங்கள்: 'ஊரூலிக்' என்றால் இன்றும் 'கவலையுற்ற' என்றே பொருள், 'சுவையற்ற' என்றல்ல. உடன்பாட்டில் போன பழம்பொருள் எதிர்மறையில் தங்கிவிட்டது. (டென்மார்க் கால்பந்து ரசிகர்கள் 1980களில் 'ஹூலிகன்' என்பதோடு இதை ஒட்டி 'ரோலிகன்' என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள். அடிதடி செய்யாதவர்களாம்!)

இனி கலைச்சொல். 'போலி நண்பர்' 1928இல் வந்த பிரெஞ்சுத் தொடரின் நேர்பெயர்ப்பு. தமிழில் அது முகநூல் கள்ளக் கணக்கைத்தான் நினைவூட்டும். 'போலிச்சொல்'லும் ஆகாது. நன்னூலார் வழியில் போலி என்பது முகம்–முகன், பந்தல்–பந்தர் போல எழுத்து மாறியும் பொருள் மாறாதது. நமக்கு வேண்டியதோ நேர் எதிர். 'மயங்குசொல்' அழகுதான், ஆனால் வேற்றுமை மயக்கம், திணை மயக்கம் என்று அந்த வேர் ஏற்கெனவே கலப்பைக் குறித்து நிற்கிறது.

என் பரிந்துரை 'ஏய்ப்புச்சொல்'. தொல்காப்பிய உவமவியலில் 'அன்ன ஏய்ப்ப உறழ ஒப்ப' என்று 'ஏய்ப்ப' உவம உருபாக வருகிறது. இன்றைய வழக்கில் ஏய்ப்பது ஏமாற்றுவது. ஒத்திருந்து ஏமாற்றும் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமாக எனக்கு எதுவும் தோன்றவில்லை. 'வரி ஏய்ப்பு' நினைவுக்கு வருமே என்பார்கள். வரட்டும், 'சொல்' சேர்ந்தால் குழப்பம் தீர்ந்தது.

மலையாள மொழிபெயர்ப்பாளர்களுக்கு இது அன்றாடத் தொல்லை. 'அவகாசம்' அங்கே உரிமை, இங்கே காலநீட்டிப்பு. 'வெள்ளம்' அங்கே குடிக்கிற தண்ணீர்.

ஒரு சொல் தனியாக ஏய்ப்பதில்லை, இரண்டு சேர்ந்தால்தான் ஏய்க்கும். அந்தச் சோடிக்கு 'ஏய்ப்பிணை' என்று வைக்கலாம். டேனிஷில் 'இனிய', நார்வேஜியனில் 'விசித்திரமான' என்று பொருள்படும் 'ரார்' லத்தீன் வழி வந்த கடன்சொல். அதுவும் ஏய்ப்பிணைதான். கடனா, 'ரோலிக்' போல ஒரே வேரில் பிறந்த உடன்பிறப்பா என்று அச்சொல்லின் பதிவில் குறித்தால் போதும், தனிப்பெயர் தேவையில்லை.

மறுப்பிருந்தால் எழுதுங்கள்.