வீட்டுக்குள் வந்த துப்பாக்கி: குடும்பங்கள் பிணைக்கைதிகளான கறுப்பு வெள்ளைப் படங்கள், உங்கள் அனுபவங்கள்

படச்சுருள்:

குற்றவாளிகள் ஒரு சாதாரணக் குடும்பத்தின் வீட்டுக்குள் புகுந்து, அங்கிருப்பவர்களைப் பிணையாக வைத்துக்கொள்ளும் கதைகள் 1950களின் முதற்பாதியில் ஹாலிவுட்டில் அடுத்தடுத்து வந்தன. இங்கே இருப்பவர்களில் பலர் அவற்றில் ஒன்றையாவது பார்த்திருப்பீர்கள். எந்தப் படம், எந்த இடத்தில் உங்களுக்கு மூச்சு முட்டியது என்று எழுதுங்கள். முடிவுகளையும் பேசப் போகிறோம். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

என்னுடையது வில்லியம் வைலர் இயக்கிய 'தி டெஸ்பரேட் ஹவர்ஸ்' (1955). இண்டியானாபொலிஸின் புறநகர். சிறையிலிருந்து தப்பிய மூன்று பேர் காரில் தெருத்தெருவாகச் சுற்றுகிறார்கள். எந்த வீட்டுக்குள் நுழைவது? ஒரு வீட்டின் முன்னால் சிறுவன் ஒருவனின் சைக்கிள் கிடக்கிறது. அதைப் பார்த்ததும் வீடு முடிவாகிவிடுகிறது. பிள்ளை இருக்கும் வீட்டில் யாரும் வீரம் காட்டத் துணிய மாட்டார்கள் என்பது அவர்களின் தலைவன் கிளென் கிரிஃபின் போடும் கணக்கு. ஹம்ஃப்ரி போகார்ட் நடித்த பாத்திரம். துப்பாக்கி வெளியே வருவதற்கு முன்பே, அந்தச் சைக்கிள் திரையில் தெரிந்த கணத்திலேயே, எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. கொள்ளையர் கேட்பது பணத்தை மட்டுமல்ல, வழக்கமான ஒரு நாளையும்தான். கிரிஃபினின் காதலி பணத்தோடு வந்து சேரும்வரை அவன் அந்த வீட்டில் ஒளிந்திருக்க வேண்டும். எனவே வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்த வீட்டில் எதுவும் மாறியதாகத் தெரியக் கூடாது. தொலைபேசி மணி அடித்தால் எடுக்க வேண்டும். குடும்பத் தலைவர் வேலைக்குப் போக வேண்டும். மகளைப் பார்க்க வரும் இளைஞனுக்கு வாசலில் நின்று பதில் சொல்ல வேண்டும். பயந்து ஒடுங்கிக் கிடக்கக்கூட அந்தக் குடும்பத்துக்கு அனுமதி இல்லை. அவர்கள் தங்களையே நடித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

மகனின் ஆசிரியை வீட்டுக்கு வரும் காட்சியைப் பாருங்கள். பையன் தன் கட்டுரைத் தாளில் உதவி கேட்டு எழுதி, அதை அவரிடம் கொடுத்து அனுப்பப் பார்க்கிறான். தந்தை டான் ஹில்லியார்ட் குடித்தவர்போல நடித்து அந்தத் தாளைப் பறித்துக்கொள்கிறார். ஒழுக்கமான மனிதர் என்று ஊரில் எடுத்த பெயரை, மகனின் உயிருக்காகத் தன் கையாலேயே அந்த ஆசிரியையின் முன்னால் கெடுத்துக்கொள்கிறார். ஃப்ரெட்ரிக் மார்ச் இந்த இடத்தில் குரலை உயர்த்துவதைவிட, அவர் வந்தவரின் கண்ணைப் பார்க்காமல் தவிர்ப்பதுதான் எனக்கு வலித்தது.

ஒளிப்பதிவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். விஸ்டாவிஷன் என்ற அகலத்திரை முறையில் எடுக்கப்பட்ட முதல் கறுப்பு வெள்ளைப் படம் இது. அகலமான சட்டத்துக்குள் கீழே கூடமும் நடுவே மாடிப்படியும் மேலே படுக்கையறைக் கதவும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரிகின்றன. வீட்டின் எந்த மூலையில் யார் நிற்கிறார்கள் என்பது எப்போதும் நம் கண்ணுக்குள் இருக்கிறது. அதனால்தான் படியில் ஒரு காலடி விழுந்தாலும் நாம் திரும்பிப் பார்க்கிறோம்.

முன்வரிசை:

படச்சுருள் ஐயா, சைக்கிளைச் சொன்னீர்கள், மகிழ்ச்சி. நான் போகார்ட்டைப் பின்தொடர்ந்து இந்தப் படத்துக்கு வந்தவன்.

1936இல் வந்த 'தி பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட்' படத்தில் அவர் டியூக் மான்டீ என்ற கொள்ளைக்காரன். அரிசோனா பாலைவனத்து உணவு விடுதி ஒன்றில் இருப்பவர்களைத் துப்பாக்கி முனையில் உட்கார வைப்பான். அதே வேடத்தை அவர் மேடையில் செய்திருந்தார். படமாக்கும்போது வேறொரு நட்சத்திரத்தைப் போட நினைத்த நிறுவனத்திடம், போகார்ட் இல்லையென்றால் நானும் இல்லை என்று படத்தின் நாயகன் லெஸ்லி ஹோவர்ட் உறுதியாக நின்றார். அந்த நன்றியைப் போகார்ட் மறக்கவில்லை. பின்னாளில் தன் மகளுக்கு லெஸ்லி என்று பெயர் வைத்தார்.

அந்த டியூக் மான்டீ வயதாகித் திரும்பி வந்தவன்போலத்தான் கிரிஃபின் எனக்குத் தெரிந்தான். ஜோசஃப் ஹேஸ் இந்தப் படத்துக்கு மூலமான தன் நாவலை நாடகமாக்கியபோது பிராட்வே மேடையில் கிரிஃபினாக நடித்தவர் பால் நியூமன். அப்போது அவருக்கு முப்பது வயது. தந்தையாக நடித்தவர் கார்ல் மால்டன். படத்துக்கு ஐம்பதைத் தாண்டிய போகார்ட் வந்ததும் கதையின் எடையே இடம் மாறிவிட்டது. கிரிஃபினுக்கு ஹால் என்று ஒரு தம்பி உண்டு. போகார்ட்டின் வயதில் அந்த அண்ணன் தம்பி உறவு ஏறக்குறைய தகப்பன் பிள்ளை உறவாகிறது. ஒரே கூரையின்கீழ் இரண்டு தகப்பன்கள். ஒருவன் பிள்ளையைக் காப்பாற்றத் தவிக்கிறான். இன்னொருவன் வளர்த்த பிள்ளை அந்த வீட்டின் ஒழுங்கைப் பார்த்துப் பார்த்து, தனக்கு இது கிடைக்காமல் போனதே என்று புழுங்கி, கடைசியில் அண்ணனை விட்டுப் போய்விடுகிறான்.

அந்த முடிவுக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். கிரிஃபின் சிறுவனின் தலையில் துப்பாக்கியை வைத்திருக்கிறான். அதில் குண்டு இல்லை என்பது தந்தைக்குத் தெரியும், கிரிஃபினுக்குத் தெரியாது. 'ஓடி வா' என்று மகனிடம் சொல்ல வேண்டும். அப்பா சொல்வதை அந்தப் பிள்ளை நம்ப வேண்டும். படம் முழுக்க அப்பாவைக் கோழை என்று நினைத்துக் கோபப்பட்ட பிள்ளை அவன்! அவன் ஓடியதும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

1990இல் வண்ணத்தில் மறுபடியும் எடுத்தார்கள். அதைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

கடலோர வாசகி:

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீட்டிலேயே இப்படி ஓர் இரவு நடந்தது. ஊரையும் ஆட்களையும் சொல்ல விரும்பவில்லை. திருட வந்தவர்கள் பின்கதவு வழியாக வந்தார்கள். நகைகளை எடுத்துக்கொண்டு, தெரு அடங்கும்வரை எங்களைக் கூடத்தில் உட்கார வைத்தார்கள். யாரையும் அடிக்கவில்லை. இடையில் பக்கத்து வீட்டு அத்தை ஏதோ கேட்கக் கதவைத் தட்டினார். அம்மாவை மட்டும் அனுப்பினார்கள். அம்மா கதவைப் பாதி திறந்து, 'எல்லாரும் படுத்துட்டாங்க, காலையில வாங்கக்கா' என்று எப்போதும்போல இனிமையாகச் சொன்னார். அத்தை போய்விட்டார்.

படச்சுருள் ஐயா எழுதியதைப் படித்தபோது அந்தக் குரல்தான் காதில் கேட்டது. அந்தக் காலத்துப் படங்கள் எனக்குப் பொருட்படுவது இதனால்தான். துப்பாக்கியைக் காட்டுவது எளிது. பயந்திருக்கும் ஒருத்தி கதவடியில் நின்று இயல்பாகப் பேசுவதைக் காட்டுவது எளிதல்ல. 'தி டெஸ்பரேட் ஹவர்ஸ்' படத்தில் மார்த்தா ஸ்காட் நடித்த தாயைக் கவனியுங்கள். தொலைபேசியில் பேசும்போது வார்த்தைகள் சரியாக இருக்கும், கைகள் மட்டும் சரியாக இருக்காது.

இன்னொன்றும் உண்டு, இதை யாரும் எழுதிப் பார்த்ததில்லை. கொள்ளையர்மீது இருந்த கோபத்தைவிட, எதையும் கவனிக்காமல் திரும்பிப் போன அத்தைமீது எனக்குப் பல வருடம் கோபம் இருந்தது. அவர் என்ன செய்திருக்க முடியும்? ஒன்றும் இல்லை. அந்தப் படத்தில் குப்பை அள்ள வரும் முதியவர் காராஜில் நிற்கும் காரைக் கவனித்துவிடுகிறார். கவனித்ததற்கு விலையாக உயிரை இழக்கிறார். அந்தக் காட்சிக்குப் பிறகு அத்தைமீதிருந்த கோபம் எனக்குப் போய்விட்டது. அன்று அவர் கவனிக்காதது நல்லது.

எனக்கு மிகவும் பிடித்தது 'ஹி ரேன் ஆல் தி வே' (1951). ஜான் கார்ஃபீல்ட் சம்பளப் பணத்தைக் கொள்ளையடித்து, ஒரு போலீஸ்காரரைச் சுட்டுவிட்டு, பொது நீச்சல் குளத்துக் கூட்டத்தில் ஒளிகிறான். அங்கே பழக்கமான பெண்ணோடு அவள் வீட்டுக்குப் போகிறான். அவள் ஷெல்லி வின்டர்ஸ். இவனுக்குத் தன் சொந்த வீட்டில் அன்பு கிடைத்ததில்லை. அதனால் அந்தக் குடும்பத்தை மிரட்டிக்கொண்டே அவர்களின் பாசத்தையும் எதிர்பார்க்கிறான். வான்கோழி வாங்கி, சமைக்கச் செய்து, எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்கிறான். அவர்கள் தங்கள் வீட்டுச் சாதாரண உணவையே சாப்பிடுகிறார்கள். அவன் துப்பாக்கியை எடுக்கிறான். ஒரு தட்டுச் சோற்றை விருந்தாக ஏற்பதா, கட்டளையாக ஏற்பதா என்ற அந்தப் போராட்டத்தைப்போல இன்னொரு காட்சி இந்த வகைப் படங்களில் நான் பார்த்ததில்லை.

முன்வரிசை:

அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு எழுந்து கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்தேன். எழுதியதற்கு நன்றி.

கார்ஃபீல்ட் பற்றி ஒன்று சேர்க்கிறேன். அதுதான் அவருடைய கடைசிப் படம். அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் 1951 ஏப்ரலில் அவரை நிறுத்தி, கம்யூனிஸ்டு நண்பர்களின் பெயர்களைக் கேட்டார்கள். அவர் சொல்லவில்லை. வாய்ப்புகள் நின்றன. அடுத்த ஆண்டு மே மாதம் மாரடைப்பில் இறந்தார், வயது 39. இயக்குநர் ஜான் பெர்ரி, கம்யூனிஸ்டு என்று சந்தேகித்தவர்களுக்கு ஹாலிவுட் வேலை மறுத்த கறுப்புப் பட்டியலில் விழுந்து பிரான்சுக்குப் போனார். எழுதியவர்களில் ஒருவரான டால்டன் ட்ரம்போவின் பெயர் திரையிலேயே வரவில்லை. துரத்தப்படும் ஒருவனின் கதையை எடுத்தவர்களே துரத்தப்பட்டுக்கொண்டிருந்தார்கள். படத்தில் தெரியும் அந்தப் பதற்றத்தை நடிப்பு என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வழக்குரை:

நான் 'தி டெஸ்பரேட் ஹவர்ஸ்' படத்துக்குச் சட்டப் புத்தகம் வழியாக வந்தவள். தனியுரிமைச் சட்டம் படிக்கும்போது 'டைம் நிறுவனம் எதிர் ஹில்' என்ற அமெரிக்க வழக்கு வரும். அதைப் படித்த பிறகுதான் படத்தைப் பார்த்தேன்.

1952 செப்டம்பரில், ஃபிலடெல்ஃபியாவுக்கு அருகில் உள்ள வைட்மார்ஷில் ஹில் தம்பதியும் அவர்களின் ஐந்து பிள்ளைகளும் இருந்த வீட்டுக்குள் தப்பியோடிய மூன்று கைதிகள் புகுந்தார்கள். 19 மணி நேரம் இருந்தார்கள். யாருக்கும் காயம் இல்லை. அவர்கள் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள் என்று ஹில் செய்தியாளர்களிடம் அழுத்திச் சொன்னார். பிறகு அந்த மூவரில் இருவர் போலீசுடன் நடந்த மோதலில் இறந்தார்கள். ஹில் குடும்பம் பேட்டிகளைத் தவிர்த்து, கனெக்டிகட்டுக்குக் குடிபெயர்ந்து, அமைதியாக வாழ முயன்றது.

ஜோசஃப் ஹேஸின் கதையில் தந்தையும் மகனும் அடிபடுகிறார்கள், மகள் கேவலமான பேச்சுக்கு ஆளாகிறாள். 1955 பிப்ரவரியில் 'லைஃப்' பத்திரிகை நாடகத்தைப் பற்றி எழுதியபோது, இது ஹில் குடும்பத்துக்கு நேர்ந்ததன் மறுவடிவம் என்றே சொல்லிவிட்டது. அதோடு நிற்கவில்லை. நாடக நடிகர்களை வைட்மார்ஷில் இருந்த அந்தப் பழைய வீட்டுக்கே அழைத்துப் போய், வன்முறைக் காட்சிகளை நடிக்கவைத்துப் படமெடுத்துப் போட்டது.

ஹில் வழக்குத் தொடர்ந்தார். நியூயார்க் நீதிமன்றங்களில் வென்றார், 30,000 டாலர் இழப்பீடும் தீர்ப்பானது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அங்கே ஹில் தரப்பில் வாதாடியவர் ரிச்சர்ட் நிக்சன், பின்னாளில் அமெரிக்க அதிபரானவர். 1967 ஜனவரியில் தீர்ப்பு ஹில்லுக்கு எதிராக வந்தது. பொய் என்று தெரிந்தோ, உண்மையா பொய்யா என்று பொருட்படுத்தாமலோ பத்திரிகை எழுதியது என்று நிரூபித்தால்தான் இழப்பீடு என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள்.

பத்திரிகைச் சுதந்திரத்தின் தேவை எனக்குத் தெரியும். ஆனாலும் இந்த வழக்கில் என் மனம் அந்தக் குடும்பத்தின் பக்கம்தான். வாசகி அக்கா ஊரையும் ஆட்களையும் சொல்ல விரும்பவில்லை என்று எழுதினார்கள் அல்லவா? ஹில் குடும்பம் கேட்டதும் அவ்வளவுதான். கைதிகள் வெளியேறிய வீட்டுக்குள் புகைப்படக்காரர்கள் நுழைந்தார்கள். அடி விழாத பிள்ளைகள், தங்கள் வீட்டில் அடி விழுந்ததாக ஊரெல்லாம் பேசுவதைக் கேட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டும்.

ஆணிவேர்:

நான் 'சடன்லி' (1954) பற்றி எழுத வந்தேன். கலிஃபோர்னியாவின் ஒரு சின்ன ஊர். அதிபர் வரும் ரயில் அங்கே நிற்கப்போகிறது. நிலையத்துக்கு எதிரே மேட்டில் இருக்கும் வீட்டைப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வழியாக அதிபரைச் சுடக் காத்திருக்கிறான் ஃப்ராங்க் சினாட்ரா. வீட்டில் ஒரு தாத்தா, கணவனைப் போரில் இழந்த மருமகள், துப்பாக்கிப் பொம்மை கேட்டு அடம்பிடிக்கும் பேரன். பழுதான தொலைக்காட்சிப் பெட்டியும், அதைச் சரிசெய்ய வந்த ஊழியரும் கதையின் முடிவில் செய்யும் வேலையை நான் சொல்ல மாட்டேன்.

போரில் கொன்றதற்குப் பதக்கம் வாங்கியவன் அவன். அதைத் தவிர வேறு எதிலும் தன்னை ஒருவரும் மதித்ததில்லை என்று பேசிக்கொண்டே இருப்பான். பாடகராக மட்டுமே சினாட்ராவை அறிந்திருந்த எனக்கு அந்த முகம் பெரும் அதிர்ச்சி.

பதிப்புரிமை புதுப்பிக்கப்படாததால் இந்தப் படம் பொதுச் சொத்தாகிவிட்டது. அதனால் தேய்ந்த பிரதிகள் எங்கும் கிடைக்கின்றன. 1980களில் வண்ணம் பூசியும் வெளியிட்டார்கள். நீலக் கண்களுக்கே பெயர்போன சினாட்ராவுக்கு அதில் பழுப்புக் கண்கள்! தயவுசெய்து நல்ல கறுப்பு வெள்ளைப் பிரதியைத் தேடிப் பாருங்கள்.

படச்சுருள்:

வழக்குரை அவர்களே, ஹில் குடும்பத்தின் கதையை விரிவாக எழுதியதற்கு நன்றி. இனி அந்தப் படத்தை உண்மைச் சம்பவம் என்று யாரிடமும் பரிந்துரைக்க மாட்டேன். ஹேஸ் எழுதிய புனைகதை என்றே சொல்வேன். வாசகி அம்மா, உங்கள் அம்மா கதவடியில் பேசியதைப் படித்த பிறகு மார்த்தா ஸ்காட்டின் காட்சிகளை மட்டும் எடுத்து மறுபடி பார்த்தேன். கைகளைப் பற்றி நீங்கள் சொன்னது சரி.

ஆண்ட்ரூ ஸ்டோன் இயக்கிய 'தி நைட் ஹோல்ட்ஸ் டெரர்' (1955) இன்னும் யாரும் தொடவில்லை. வழியில் காரில் ஏற்றிக்கொண்ட ஒருவனால் வீடே சிறைப்படும் கதை. ஜான் கசாவெட்டிஸ் கும்பலில் ஒருவராக வருகிறார். தொலைபேசி நிலைய ஊழியர்கள் ஓர் அழைப்பு எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பிடிக்கும் பகுதி அதில் நீளமாக வரும். தொலைபேசித் துறையில் வேலை பார்த்தவர்கள் இங்கே இருந்தால், அந்தக் காலத்து இணைப்பகத்தில் அது அப்படித்தான் நடந்ததா என்று எழுதுங்கள்.